என் மேசையில் ஓடிய மெஷின்

"ஓன் ஆகுதில்லை அண்ணை."

நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் காதில் இதைவிட அதிகமாக விழுந்த வசனம் வேறு கிடையாது. ரேடியோ அப்படித்தான் வந்தது, கசற் பெட்டி அப்படித்தான் வந்தது, கடைசிக் காலத்தில் காருக்கு வழி சொல்கிற சின்னத் திரை மெஷின்களும் அப்படியே வந்தன. கொண்டு வருபவர் மேசையில் வைப்பார், இதைச் சொல்வார், பிறகு கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்ப்பார். ஏன் ஓன் ஆகவில்லை என்று நான் முகத்தால் கண்டுபிடிக்க வேண்டும்.

புதிதாகக் கடை போட்டிருக்கும் நீங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். பழுது பார்க்கும் முறையை நான் எழுதப் போவதில்லை. மீற்றரை எங்கே வைப்பது, எந்தத் துண்டைச் சூடாக்கிக் கழற்றுவது என்பதெல்லாம் உங்கள் போனிலேயே கிடக்கிறது. என்னைவிட வடிவாக, பேசாமலே செய்து காட்டுகிறார்கள். அதற்கு நான் தேவையில்லை. எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை, தெரிந்த நேரத்தில் சொல்லாமல் விட்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன். வாசித்து முடித்தபிறகு என்னோடு கதைக்க மனமில்லை என்றாலும் நான் கோபிக்கமாட்டேன்.

முதலில் நெல்லியடி வான்காரரின் கதையைச் சொல்லவேண்டும், சிறியதுதான். அவர் ஒரு வழிகாட்டி மெஷினைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். பின்னேரம் வரை திறந்து வைத்துத் தடவினேன். ஒரு பழுதும் இல்லை. என் மேசை வயரைக் குத்தினால் ஓடுகிறது. கொடுத்து அனுப்பினேன். அடுத்த நாள் வந்து கடை வாசலில் நின்று கத்தினார்.

"நீங்கள் என்ன கோதாரிக்குக் கடை வைச்சிருக்கிறியள்? வானுக்குள்ளை வைச்சால் திரும்பவும் செத்துப்போய்க் கிடக்குது!"

எனக்கும் வாய் சும்மா கிடக்காது. இரண்டு பேரும் நன்றாகப் பேசிக்கொண்ட பிறகு இறங்கிப் போய் வானைப் பார்த்தேன். வானில் சிகரெட் பற்றவைக்கிற ஓட்டை இருக்கிறதல்லவா, அதில்தான் மெஷினின் வயரைக் குத்துவார்கள். யாரோ அதிலே சுடுதண்ணீர்க் கேத்தில் ஒன்றைக் குத்தித் தேத்தண்ணீர் போட்டிருக்கிறார்கள். பியூஸ் போய்விட்டது. மெஷின் பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்றைக்கே ஒரு மட்டையில் பெரிதாக எழுதிச் சுவரில் தொங்கவிட்டேன்: 'வயரையும் கொண்டு வரவும்.' மெஷினைத் தனியாகப் பார்க்காதே, அதற்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று பார். இதுதான் நான் அன்று படித்தது. படித்ததை மட்டையில் எழுதிவிட்டால் மண்டையில் இருந்து இறங்கிவிடும் என்பது அப்போது தெரியவில்லை.

மரியதாஸ் வந்தபோது அந்த மட்டை அங்கேதான் தொங்கியது.

மரியதாஸ் குருநகர்க்காரர், சின்ன பைபர் வள்ளம் ஒன்றில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். நாற்பது வயது இருக்கும். அவருடைய வீட்டு ரேடியோவையும் சுவர் மணிக்கூட்டையும் நான்தான் பார்த்துக் கொடுப்பேன். அன்றைக்கு ஒரு பொலித்தீன் பையைப் பக்குவமாக மேசையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே கார் மெஷின்.

"சுவிஸிலை இருந்து தம்பி அனுப்பினவன் அண்ணை. வந்த நாளே செத்துப்போச்சு."

"என்ன செய்தனீர்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. கரண்ட் குடுத்தன். ஒருக்கா மணத்துது. அவ்வளவுதான்."

"மணத்தது ஒண்டும் இல்லாத காரியம்! வெடிச்சிருந்தால் 'கொஞ்சம் சத்தம் கேட்டது' எண்டு வந்திருப்பீர்."

சிரித்தார். நல்ல சிரிப்பு, முன்பல் ஒன்று இல்லை.

வள்ளத்துக்கு ஏன் கார் மெஷின் என்று உங்களில் சிலர் கேட்கலாம். வெளிநாட்டில் எல்லோரும் போனிலேயே வழி பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அங்கே வேண்டாமென்று போன மெஷின்கள் உடுப்புகளோடும் சொக்லேற்றோடும் பார்சலில் இங்கே வந்து சேர்ந்தன. கடலுக்கென்று செய்த மெஷினை வாங்க முடியாதவர்கள் இதை வள்ளத்தில் வைத்துக்கொண்டார்கள். கடலில் றோட்டு இல்லை, திரை வெறுமையாகத்தான் கிடக்கும். ஆனால் இடத்தின் நம்பரை அடித்துவிட்டால் அம்புக்குறி அந்தப் பக்கம் திரும்பி நிற்கும். இறங்குதுறையை 'வீடு' என்று பதிந்து வைத்தால் திரும்பி வரலாம். உள்ளே இருந்து ஒரு பெண் குரல் ஜெர்மன் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே வரும். "வெள்ளைக்காரி அந்தா இடப்பக்கம் திரும்பட்டாம், மச்சான்" என்று குருநகர் ஆட்கள் தங்களுக்குள் பகிடி விடுவார்கள்.

மரியதாஸுக்கு அது பகிடியாக இருக்கவில்லை, தேவையாக இருந்தது. நெடுந்தீவுக்கு அங்காலே ஒரு பார் இருக்கிறது. பார் என்றால் கடலடியில் கல்லும் பாசியுமாக மீன் கூடுகிற இடம். அந்தப் பாரின் நம்பரைச் சம்மாட்டியார் அவருக்குக் கொடுத்திருந்தார். சம்மாட்டியார் என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்தப் பெரிய மனிதர்தான் அந்த இறங்குதுறையில் நாலைந்து வள்ளத்துக்குச் சொந்தக்காரர், ஆபத்து அந்தரத்துக்கு முன்னுக்கு நிற்பவரும் அவர்தான்.

"நான் உந்தப் பக்கம் முன்னம் போனதில்லை அண்ணை. கரை தெரியிற தூரத்திலைதான் இவ்வளவு நாளும். நத்தார்ப் பெருநாளுக்கு முன்னம் ரெண்டு நாள் நல்லா மீன் பட்டால் போதும். மச்சானும் வாறான்."

மச்சான் என்றது அவருடைய மனைவி றெஜினாவின் தம்பி அன்ரனை. மெஷினை நம்பித்தான் இரண்டு பேரும் தெரியாத கடலுக்குப் போகப் போகிறார்கள் என்பது அப்போதே எனக்கு நல்லாய் விளங்கியது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்தேன் என்று பிறகு சொல்லமுடியாது.

திறந்து பார்த்தேன். மின்சாரம் உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு துண்டு கருகியிருந்தது. கருகியதைக் கழற்றினேன், புதிது போட்டேன், ஓடியது. ஏன் கருகியது என்று நான் கேட்கவில்லை. சும்மா இருந்த துண்டு தானாகக் கருகாது. ஏதோ ஒன்று அதைக் கருக்கியது. அந்த ஏதோ ஒன்று வெளியே, அவருடைய வயரில், அவருடைய வள்ளத்தில் இருந்தது. நான் என் மேசையில் இருந்த நல்ல வயரைக் குத்தி, உள்ளே இருந்த பற்றரியை நிறையச் சார்ஜ் ஏற்றி, இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்துத் திருப்தியடைந்தேன்.

மரியதாஸ் எடுத்துப்போக வந்தபோது கடையில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் தன் காரை றோட்டில் குறுக்கே விட்டுவிட்டு ஹோர்ன் அடிக்கிறவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். "வயர் எங்கை?" என்று கேட்க வாய் எடுத்த ஞாபகம் எனக்கு இருக்கிறது. கேட்கவில்லை.

"அண்ணை, கடலிலை நிண்டு பிடிக்குமோ?" என்றார் அவர்.

"நான் கை வைச்சதை இன்னொருக்காப் பாக்கத் தேவையில்லை. கொண்டு போம்."

இந்த வசனத்தை நான் அந்தக் கடையில் ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். ஆட்களுக்கு அதைக் கேட்கப் பிடிக்கும். எனக்குச் சொல்லப் பிடிக்கும்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு இருவரும் வெளிக்கிட்டார்கள். வலை போட்டுவிட்டுப் புதன் காலை ஏழு, எட்டு மணிக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். மார்கழி மாதம், இரண்டு நாளாக வானம் மூடிக் கிடந்தது. வாடைக் காற்று வீசியது. எனக்கு இதெல்லாம் அன்றைக்குத் தெரியாது. புதன்கிழமை பதினொரு மணிக்குத்தான் தெரியும்.

பதினொரு மணிக்கு றெஜினா கடைக்கு வந்தாள். அவளை நான் முன்னர் இரண்டொரு தரம் கண்டிருக்கிறேன். ஓடி வந்தவள்போல மூச்சு வாங்கியது. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"அண்ணை, இவை இன்னும் வரேல்லை. உங்கடை மெஷின் இப்ப எங்கை நிக்குது எண்டு இஞ்சையிருந்து பாக்கேலுமோ?"

"ஏலாது பிள்ளை. அது போன் மாதிரி இல்லை. அது கேக்கும், ஆனால் திருப்பிச் சொல்லாது."

"பெட்டியைக் கொண்டு வந்தனான். இதுக்குள்ளை ஏதும் நம்பர் கிம்பர் இருந்தால் பாருங்கோவன்."

தோள்பையில் இருந்து மெஷின் வந்த மட்டைப்பெட்டியை எடுத்து மேசையில் கொட்டினாள். ஜெர்மன் பாஷையில் ஒரு புத்தகம், ஒட்டிப் பிடிக்கிற ரப்பர் ஒன்று, இவற்றோடு ஒரு கறுப்புப் பிளக். காரின் ஓட்டையில் குத்துகிற அந்தத் தடித்த முனை. அதன் பின்னால் ஒரு விரல் நீளத்துக்கு வயர், கத்தியால் வெட்டியபடி.

"உதை ஆர் வெட்டினது?"

"அவர்தான். வள்ளத்திலை காரிலை மாதிரி ஓட்டை இல்லைத்தானே அண்ணை. வெட்டிப்போட்டு வயரை நேரா எஞ்சின் பற்றரியிலை முறுக்கிவிட்டவர். ஏன் அண்ணை?"

உங்களுக்கு இது விளங்கியிருக்கும். ஆனாலும் எழுதிவிடுகிறேன். வள்ளத்துப் பற்றரியும் கார்ப் பற்றரி மாதிரித்தான், பன்னிரண்டு வோல்ட். மெஷின் தாங்குவது ஐந்துதான். பன்னிரண்டை ஐந்தாகக் குறைக்கிற வேலையைச் செய்வது அந்தப் பிளக்கின் தடித்த வயிற்றுக்குள் இருக்கிற சின்னத் தகடு. பார்ப்பவருக்கு அது காருக்குப் பொருந்துவதற்காகச் செய்த வெறும் மூக்கு. மரியதாஸ் மூக்கை வெட்டினார். முதல் தரம் பார்சலில் வந்த மெஷினின் பற்றரி வெறுமையாக இருந்ததால் துண்டு கருகி உடனே செத்தது, என்னிடம் வந்தது. இரண்டாம் தரமும் அதே மாதிரி முறுக்கியிருக்கிறார், அதே துண்டு திரும்பவும் கருகியிருக்கிறது. ஆனால் இந்தத் தரம் உள்ளே நான் நிறைய ஏற்றிவிட்ட சார்ஜ் இருந்தது. கரையில் திரை எரிந்திருக்கும். வெள்ளைக்காரி கதைத்திருப்பாள். எல்லாம் சரி என்று இருவரும் போயிருப்பார்கள். இரண்டு மணித்தியாலத்தில், மழை இருட்டுக்குள், கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது அணைந்திருக்கும்.

மேசைமேல் கிடந்த அந்தப் பிளக்கைப் பார்த்த கணத்தில் இவ்வளவும் எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் வாசித்த நேரம்கூட எடுக்கவில்லை.

றெஜினா கதைத்துக்கொண்டே இருந்தாள். "சம்மாட்டியார் சொல்லுறார், பயப்பிடாதை, மெஷின் இருக்குதுதானே, அவங்கள் அந்தப் பாரிலைதான் நிப்பாங்கள், எஞ்சின்தான் பழுதாயிருக்கும் எண்டு. ஒம்பது மணிக்கே ரெண்டு வள்ளம் அங்கை போயிட்டுது. இப்ப இன்னும் மூண்டு வள்ளம் வெளிக்கிடுது, அதுவும் அங்கைதான். நேவிக்கும் அந்த நம்பரைத்தான் குடுத்திருக்கினம்."

அந்தப் பாருக்கு அவர்கள் போய்ச் சேர்ந்திருக்கவே மாட்டார்கள். முழுக் குருநகரும் ஆள் இல்லாத இடத்தில் தேடப் போகிறது. இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். சொன்னால், 'வயரைக் கேளாமல் நீ ஏன் குடுத்தாய்?' என்ற அடுத்த கேள்வி வரும். சுவரில் மட்டை வேறு தொங்குகிறது.

"போய் இரு பிள்ளை. வந்திடுவினம்" என்றேன்.

அவள் புத்தகத்தையும் பெட்டியையும் அள்ளிக்கொண்டாள். பிளக் என் கைக்குள் இருந்தது. அவள் படியிறங்கியதும் லாச்சியைத் திறந்து அதற்குள் போட்டு மூடினேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் நீங்களும் இதைச் செய்யக்கூடியவர்கள். நான் ஓடி ஒளியவில்லை. குடிக்கவில்லை. பரிசோதனை செய்தேன்! பழைய கார் மெஷின் ஒன்றை எடுத்து, பன்னிரண்டு வோல்ட்டை நேராகக் கொடுத்தேன். துண்டு கருகி மணத்தது, திரை எரிந்தபடியே இருந்தது. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு மணி பத்துக்கு அது அணைந்தது. அப்போதாவது எழும்பியிருக்கலாம். 'இது பழைய பற்றரி, இதை வைத்துச் சொல்லமுடியாது' என்று எனக்கு நானே சொன்னேன். இன்னொன்றை எடுத்தேன். அதையும் கருக்கினேன். இடையில் ஓட்டோக்காரர் ஒருவரின் ரேடியோவைத் திருத்திக் கொடுத்தேன். அவர் பாட்டு வடிவாய்க் கேட்கிறது என்று சந்தோஷமாகப் போனார். இரண்டாவது மெஷின் மூன்றே முக்காலுக்கு அணைந்தது.

உறுதிப்படுத்திக்கொள்கிறேன் என்று நான் நினைத்தேன். அது பச்சைப் பொய். எனக்குப் பதினொரு மணிக்கே தெரியும். உள்ளுக்குள் நான் காத்திருந்தது வேறு ஒன்றுக்கு: அவர்கள் தாங்களாகவே எப்படியாவது கரைக்கு வந்துவிட வேண்டும், வந்துவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியத் தேவையில்லை. மரியதாஸ் வந்து 'என்ன அண்ணை உங்கடை வேலை' என்று ஏசுவார், நானும் திருப்பி ஏசுவேன், முடிந்துவிடும். எத்தனை தெய்வங்களைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. எல்லாம் என்னைக் காப்பாற்றச் சொல்லித்தான், அவர்களை அல்ல.

நாலு மணிக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு சைக்கிளில் குருநகருக்குப் போனேன். நாலரை. இறங்குதுறையில் சனம் நிறைந்து நின்றது. கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் நிலத்தில் இருந்தபடி செபமாலை சொன்னார்கள். றெஜினா ஒரு வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். நான் சம்மாட்டியாரிடம் நேராகப் போய்ப் பிளக்கை நீட்டினேன்.

"ஐயா, இதை வெட்டிப்போட்டுத்தான் வயரைக் குடுத்திருக்கிறார். மெஷின் ரெண்டு மணித்தியாலம்தான் ஓடியிருக்கும். அந்தப் பாருக்கு அவை போகவேயில்லை. வேறை இடத்திலை தேடுங்கோ."

அவர் பிளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உனக்கு எப்ப தெரியும்?"

"இப்பதான் ஐயா. இப்பதான் கண்டுபிடிச்சனான்."

றெஜினா நாலு அடி தூரத்தில் நின்றாள். அவள் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

சம்மாட்டியார் மணலில் குந்தி விரலால் கோடு கீறினார். "மூண்டு மணிக்கு வெளிக்கிட்டவங்கள். அஞ்சு மணிக்கு இஞ்சை நிண்டிருப்பாங்கள். பேந்து இருட்டுக்குள்ளை ஓடி ஓடி எண்ணெய் முடிஞ்சிருக்கும். வாடை தெற்காலை தள்ளும். இரணைதீவுப் பக்கமடா! ஐயோ மாதாவே, நாங்கள் எங்கை கிடந்து தேடுறம்!" எழும்பி நின்று கத்தினார். "எடுங்கோடா, இருக்கிற வள்ளத்தை எல்லாம் எடுங்கோ!"

ஐந்து மணிக்கு நாலு வள்ளம் தெற்கே போனது. அரை மணித்தியாலத்தில் வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது.

வியாழன் விடியற்காலை இரணைதீவுக்கு இந்தப் பக்கம் அவர்களுடைய வள்ளத்தைக் கண்டார்கள். கவிழ்ந்து கிடந்தது. அன்ரன் அதன் அடிப்பக்கத்தில் கயிற்றால் தன்னைக் கட்டிக்கொண்டு கிடந்தான். அவன் ஒருவன்தான்.

பத்து மணிபோல அவனைக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். நானும் அங்கே நின்றேன். போகாமல் இருக்க முடியவில்லை. போர்வையால் சுற்றி இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். உதடு வெடித்து, கண் வீங்கியிருந்தது. அம்புலன்ஸுக்குள் ஏற்றும்வரை அக்காவின் கையை அவன் விடவில்லை.

"மெஷின் போய்க்கொண்டிருக்கேக்கையே நிண்டிட்டுது அக்கா. ஏதோ வெளிச்சம் தெரிஞ்சுது, கரையெண்டு நினைச்சு அங்காலை ஓடினம். எண்ணெய் முடிஞ்சுது. விடியத்தான் வள்ளம் பிரண்டது. ரெண்டு பேரும் பிடிச்சுக்கொண்டு கிடந்தம்." மூச்சு எடுத்தான். "அத்தான் நேற்றுப் பின்னேரம் மட்டுக்கும் கதைச்சுக்கொண்டு கிடந்தவர் அக்கா. சம்மாட்டியார் விடமாட்டார், இந்தா வருவாங்கள், இந்தா வருவாங்கள் எண்டு. பொழுதுபடேக்கைதான் கை விட்டவர். நான் பிடிச்சனான் அக்கா. என்னாலை ஏலாமல் போச்சுது."

நேற்றுப் பின்னேரம் வரை. பதினொரு மணிக்கு நான் வாயைத் திறந்திருந்தால், வெளிக்கிட்டு நின்ற மூன்று வள்ளமும் தெற்கே திரும்பியிருக்கும். இரண்டு, மூன்று மணிக்குள் அங்கே போயிருக்கும். அந்த நேரம் மரியதாஸ் உயிரோடு இருந்தார், கதைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது மெஷினைக் கருக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அவர் கரையொதுங்கினார். அடக்கத்துக்குப் போனேன். சேமக்காலையில் ஆட்கள் எனக்கு வழிவிட்டார்கள். சம்மாட்டியார் என் தோளில் கைவைத்து, "பிழையை மறைக்காமல் தானா வந்து சொன்னாய். உன்னாலைதான் அன்ரன் எண்டாலும் கிடைச்சான்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அடுத்த இரண்டு கிழமையும் குருநகரில் வள்ளம் வள்ளமாக ஏறி, மெஷின் வைத்திருந்த எல்லோருக்கும் பன்னிரண்டை ஐந்தாகக் குறைக்கிற பெட்டியை நானே பூட்டிக் கொடுத்தேன். அதனால் பெயர் இன்னும் கூடிப்போனது. நல்ல மனுஷன் என்றார்கள். தேத்தண்ணீர் தந்தார்கள். குடித்தேன், வேறு என்ன செய்ய?

முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்பு, காலையில் றெஜினா கடைக்கு வந்தாள். கறுப்புச் சேலை. இந்தத் தரம் கதிரையில் இருந்தாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கவேணும். நான் அண்டைக்குப் பெட்டியோடை வந்து போகேக்கை, உங்களுக்குத் தெரியுமோ?"

ஒரு மாதமாக இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில்களைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். பரிசோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது, நிச்சயம் இல்லாமல் சொன்னால் தேடுகிறவர்களைக் குழப்பிவிடும், இப்படி. கேட்பவர் நம்பக்கூடிய பதில்கள்தான்.

"ஓம்" என்றேன்.

அவள் அழவில்லை. சுவரைப் பார்த்தாள். அந்த மட்டையை வாசித்தாள் என்று நினைக்கிறேன்.

"எனக்கு அண்டைக்கே விளங்கினது. பிளக்கைப் பெட்டிக்குள்ளை தேடினனான், காணேல்லை. பேந்து பின்னேரம் உங்கடை கையிலை கண்டன். இப்பதான் கண்டுபிடிச்சன் எண்டு சொன்னியள்."

"பிள்ளை, நான் இண்டைக்கே சம்மாட்டியாரிட்டை வந்து…"

"வராதேங்கோ." குரல் உயரவில்லை. "ஆக்கள் உங்களைப் பற்றிக் கதைக்கிறதைக் கேக்கேக்கை எனக்கு நெஞ்சு பத்தி எரியுது. ஆனால் நான் வாய் திறக்கமாட்டன், நீங்களும் திறக்கக்கூடாது. அன்ரன் நித்திரை கொள்ளுறான் இல்லை. அத்தான் அத்தான் எண்டு எழும்பி இருக்கிறான். பொழுதுபட முன்னம் வந்திருக்கலாம் எண்டு அவனுக்குத் தெரிஞ்சால் கத்தியோடைதான் இஞ்சை வருவான். அவரையும் குடுத்துப்போட்டு, உங்களுக்காகத் தம்பியையும் மறியலுக்கு அனுப்ப என்னாலை ஏலாது. உங்களை மன்னிச்சிட்டன் எண்டு நினைச்சிடாதேங்கோ."

எழும்பிப் போய்விட்டாள். அவள் சொன்னபடி நான் வாய் திறக்கவில்லை. ஆறு வருடம் குருநகரில் எங்கே கண்டாலும் ஆட்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் திருப்பிக் கும்பிட்டேன். மறியல் என்றால் கம்பிக்குப் பின்னால்தான் இருக்கவேண்டும் என்றில்லை. கடையைப் பூட்டியதற்கு, கண் தெரியவில்லை, கை நடுங்குகிறது என்று உங்களுக்கெல்லாம் காரணம் சொன்னேன். கண்ணும் கையும் நல்லாய்த்தான் இருக்கின்றன. "ஓன் ஆகுதில்லை அண்ணை" என்று ஒருவர் வந்து நின்றால் மெஷினை வாங்காமலே திருப்பி அனுப்பத் தொடங்கினேன். அதுதான் காரணம்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வயரைக் கேளாமல் கொடுத்தது பிழை. பிழை எல்லோருக்கும் வரும், உங்களுக்கும் வரும், எவ்வளவு கெட்டிக்காரனுக்கும் வரும். பிழை தெரியவந்த பிறகு 'இன்னும் ஒருக்காப் பார்த்து உறுதிப்படுத்துவம்' என்று கை தானாக மீற்றரைத் தேடும். அந்த நேரம் மீற்றரை வைத்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓடுங்கள். பிறகு வந்து எவ்வளவு வேண்டுமானாலும் பரிசோதிக்கலாம்.

போன மாதம் றெஜினா போன் எடுத்தாள். ஆறு வருடத்தில் அவள் என்னோடு கதைத்தது அன்றுதான்.

"அன்ரன் போயிட்டான் அண்ணை. சுவிஸுக்கு, அவரின்ரை தம்பியிட்டை. நேற்று அங்கை இறங்கிட்டான்."

"நல்லது பிள்ளை."

"இனி நீங்கள் சொல்லலாம். ஆருக்கெண்டாலும் சொல்லுங்கோ. எழுதுறதெண்டால் எழுதுங்கோ. அவன் கேள்விப்பட்டால் என்னோடை சண்டை பிடிப்பான், பிடிக்கட்டும். அது என்ரை பாடு." போனை வைக்கப்போனேன், திரும்பவும் அவளுடைய குரல் கேட்டது. "சொல்லேக்கை நேரத்தையும் சொல்லவேணும். அதை விட்டிட்டுச் சொன்னால் நீங்கள் திரும்பவும் நல்ல மனுசன் ஆகிடுவியள்."

பதினொரு மணிக்கு எனக்குத் தெரியும். நாலரைக்குத்தான் சொன்னேன்.